சரியோ பிழையோ? முக்கோணிக் கேள்விகளுக்குப் பதில்

முக்கோணி பற்றி ஒரு கூற்றைத் தந்து "சரியா பிழையா" என்று கேட்டால் அதை எப்படிச் சோதிப்பது, கேட்க இருப்பதைக் கேளுங்கோ என்று சொல்லியிருந்தேன். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளோடு பெற்றோரும் வீடு கட்டுகிற ஒருவரும் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

பதினோராம் வகுப்பு மாணவி, நல்லூர்: சேர், ஒரு கூற்று சரியெண்டு சொல்ல எத்தினை முக்கோணி கீறிப் பாக்கவேணும்?

எத்தனை கீறினாலும் காணாது, பிள்ளை. பிழையென்று காட்டத்தான் ஒன்று போதும். "இருசமபக்க முக்கோணிகள் எல்லாம் கூர்ங்கோண முக்கோணிகள்" என்று தந்தால் 120, 30, 30 என்று மூன்று எண்ணை எழுதுங்கோ, அலுவல் முடிஞ்சுது. ஆனால் "எந்த முக்கோணியிலும் குறைந்தது இரண்டு கூர்ங்கோணமாவது இருக்கும்" என்பதைக் கீறிக் கீறிப் பார்த்துப் பிரயோசனமில்லை. இரண்டு கோணங்கள் 90 பாகையோ அதற்கு மேலோ என்று வையுங்கோ. கூட்டினால் அப்பவே 180 வந்துவிட்டது, மூன்றாவதுக்கு மிச்சமில்லை. இதுதான் நிறுவல், ஒரு படமும் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் சொல்லவேணும். முக்கோணி கீறச் சொன்னால் பிள்ளைகளின் கை தன்பாட்டில் சமபக்க முக்கோணி மாதிரி ஒன்றைத்தான் கீறும். அதில் பொய்யெல்லாம் மெய்யாய்த் தெரியும். "உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குக் கீறும் செங்குத்து முக்கோணிக்கு உள்ளேதான் விழும்" என்பதை அந்த அழகான படத்தில் பார்த்தால் யார் பிழை சொல்லுவார்? சோதிப்பதென்றால் கோணல்மாணலாய், ஒரு கோணம் 130 பாகை வரும்படி கீறுங்கோ. மற்ற இரண்டு உச்சிகளிலிருந்து கீறும் செங்குத்து வெளியே போய் விழும்.

தாய், கொக்குவில்: மகன் பாகைமானியால அளந்து 181 எண்டு கொண்டந்து காட்டுறான். 180 எண்டது பிழையாம். என்ன சொல்லுறது?

ஐந்து சென்ரிமீற்றர் ஆரையுள்ள பாகைமானியில் ஒரு பாகையின் அகலம் 0.9 மில்லிமீற்றர்கூட இல்லை. மொட்டைப் பென்சில் கோடே அதை விழுங்கிவிடும். உச்சிக்கூடாக அடிக்குச் சமாந்தரமாய் ஒரு கோடு கீறச் சொல்லுங்கோ. ஒன்றுவிட்ட கோணங்கள் (சமாந்தரக் கோடுகளுக்கு இடையே, அவற்றை வெட்டும் கோட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் வருபவை) சமமென்பதால் மூன்று கோணமும் அந்த ஒரே கோட்டில் பக்கம் பக்கமாய் வந்து குந்தும். அளவையே வேண்டாம்.

ஆனாலும் பெடியனின் சந்தேகம் மோசமில்லை. 180 என்பது தட்டையான தளத்துக்குத்தான். 80 பாகை கிழக்கு நெடுங்கோடு எங்கட யாழ் நகரத்தை ஒட்டியே போகிறது. வடமுனையிலிருந்து அதன் வழியே மத்திய கோடு வரை இறங்கி, மேற்கே திரும்பி 10 பாகை மேற்கு நெடுங்கோடு வரை போய், அதாலே மறுபடி வடமுனைக்கு ஏறினால் அதுவும் ஒரு முக்கோணிதான். மூன்று மூலையிலும் 90. கூட்டினால் 270. கோளத்தைச் சரிபாதியாக்கும் அப்படிப்பட்ட கோடுகள் எப்படியும் ஒன்றையொன்று வெட்டும். சமாந்தரக் கோடு இல்லாததால் மேலே சொன்ன நிறுவல் அங்கே செல்லாது. பரீட்சையில் இதை எழுத வேண்டாம் என்று மகனுக்குச் சொல்லிவையுங்கோ.

பத்தாம் வகுப்பு மாணவன், பருத்தித்துறை: இரண்டு பக்கமும் ஒரு கோணமும் சமமெண்டால் முக்கோணிகள் ஒருங்கிசையும்தானே? பிழை போட்டிருக்கினம்.

பிழைதான், தம்பி. ஒருங்கிசைவதென்றால் ஒன்றின் மேல் ஒன்று அச்சொட்டாய்ப் பொருந்தவேணும். ப.கோ.ப. (பக்கம், கோணம், பக்கம்) என்பதில் கோணம் நடுவில் நிற்கிறது, சும்மா இல்லை. கவராயத்தை எடுங்கோ. AB 10 சென்ரிமீற்றர். A இல் 30 பாகை வைத்து ஒரு நீண்ட கோடு. இனி B இல் கவராயத்தின் கூர்முனையை ஊன்றி 6 சென்ரிமீற்றர் ஆரையில் வில்லைப் போடுங்கோ. வில் அந்தக் கோட்டை இரண்டு இடத்தில் வெட்டும்: A இலிருந்து ஏறத்தாழ 5.3 இலும் 12.0 இலும். இரண்டுமே நீங்கள் கேட்ட அளவுகள் உள்ள முக்கோணிகள்தான், ஒன்று மற்றதுக்கு மேல் பொருந்தாது. ஆரையை 5 ஆக்கினால் வில் கோட்டைத் தொட்டு மட்டும் போகும், செங்கோணம் வரும். செ.ப.ப. (செங்கோண முக்கோணிகளில் செம்பக்கமும் இன்னொரு பக்கமும் சமமென்றால் ஒருங்கிசையும் என்பது) தப்புவது அதனால்தான். 10 அல்லது அதற்கு மேல் ஆக்கினாலும் ஒரே முக்கோணிதான். இடைப்பட்டதில்தான் வில்லங்கம்.

இதைவிடப் பெரிய வில்லங்கமும் உண்டு. பக்கங்கள் 8, 12, 18 உள்ளதையும் 12, 18, 27 உள்ளதையும் பாருங்கோ. ஒன்றரை மடங்கு, ஆகவே இயல்பொத்தவை, அதாவது வடிவம் ஒன்று, அளவு வேறு. மூன்று கோணமும் சமம். இரண்டு பக்கமும் சமம். ஆறில் ஐந்து ஒத்தும் ஒருங்கிசையவில்லை!

சாவகச்சேரியில் வீடு கட்டுபவர்: மேசன் அத்திவாரத்துக்கு 3, 4, 5 அடி வைத்து மூலை பிடிக்கிறார். பைதகரசின் தேற்றம்தானே?

மேசன் பாவிப்பது அதன் மறுதலையை, ஐயா. செங்கோணம் இருந்தால் வர்க்கங்கள் பொருந்தும் (சிறிய இரண்டு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் நீண்ட பக்கத்தின் வர்க்கம் வரும்) என்பது தேற்றம். வர்க்கங்கள் பொருந்தினால் செங்கோணம் என்பது வேறு கூற்று, வேறாக நிறுவவேணும். யூக்கிளிட்டும் தன் கேத்திரகணித நூலின் முதற் பகுதியில் 47 ஆவதாய் ஒன்றையும் 48 ஆவதாய் மற்றதையும் தனித்தனியே நிறுவியிருக்கிறார். இங்கே இரண்டும் சரியென்றபடியால் உங்கட மேசன் தப்பினார். எல்லா மறுதலையும் இப்படி வாய்க்காது. ஒருங்கிசையும் முக்கோணிகளின் பரப்பளவு சமம். ஆனால் 5, 5, 6 உம் 5, 5, 8 உம் இரண்டுமே 12 சதுர அலகு.

ஒரு யோசனை: 3, 4, 5 ஐ விட்டு 6, 8, 10 அடி பிடிக்கச் சொல்லுங்கோ. ஐந்தடியில் ஓரங்குலம் கூடினால் மூலை 92 பாகையாகிவிடும். 40 அடிச் சுவர் அந்தத்தில் ஒன்றரை அடி மட்டில் விலகும். பத்தடியில் அதே ஓரங்குலம் என்றால் ஒரு பாகைதான் பிழைக்கும்.

மாணவி, மானிப்பாய்: பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம். அப்ப கோணம் இரண்டு மடங்கெண்டால் பக்கமும் இரண்டு மடங்கோ?

முதலாவது சரி, இரண்டாவது பிழை. 30, 60, 90 முக்கோணியில் 30 க்கு எதிர்ப்பக்கம் 1 என்றால் 60 க்கு எதிர்ப்பக்கம் 1.73, 90 க்கு 2.

ஒரு தகப்பன், சுன்னாகம்: மூலைக் காணித்துண்டு இரண்டு. ஒன்றின் மூன்று எல்லையும் மற்றதைவிட நீளமென்றால் அதுதானே பெரிய துண்டு?

காசு குடுக்க முதல் கேட்டது நல்லது. 40, 40, 48 அடித் துண்டு 768 சதுர அடி. 41, 41, 80 அடித் துண்டில் எல்லா எல்லையும் நீளம், ஆனால் பரப்பளவு 360. பாதியும் இல்லை. நீட்டி நசுக்கின துண்டுக்கு வேலிக் கதியால்தான் மிச்சம்.

அவரே திரும்பவும்: சுற்றளவும் பரப்பளவும் இரண்டும் சமமென்றால் ஒரே துண்டுதானே?

அதுவும் இல்லை. 20, 21, 29 உம் 17, 25, 28 உம் சுற்றளவு 70, பரப்பளவு 210. ஒன்று செங்கோண முக்கோணி, மற்றது இல்லை. பக்கங்கள் முழு எண்ணாய், ஒன்று செங்கோணமாயும் மற்றது இருசமபக்கமாயும் வரவேணும் என்றால் அப்படி ஒரு சோடிதான் உண்டு (மடங்குகளைக் கணக்கெடுக்காமல்): 135, 352, 377 உம் 132, 366, 366 உம். வேறில்லை என்பதை 2018 இல் யப்பானின் கெயோ பல்கலைக்கழகத்தில் இருவர் நிறுவினார்கள். சுற்றளவு 864, பரப்பளவு 23760. கூட்டிப் பெருக்கிப் பாருங்கோ.