மடியில் இருப்பது யாருடைய கனம்?

அன்புள்ள அம்மா,

சென்ற மாதம் மதுரையில் நீங்கள் பேசியதைக் கேட்டேன். நாட்டைவிட்டு வெளியேறிய பத்திரிகையாளர்களின் போனில் அரசுகள் உளவு மென்பொருள் ஏற்றுவதைப் பற்றிச் சொன்னீர்கள். என் மகள் இதழியல் படிக்க வேண்டும் என்கிறாள். சேர்க்கலாமா? இன்னொன்று, மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு? என் போனை யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும், அதில் ஒன்றும் இல்லை. எந்த ஆப் பாதுகாப்பானது என்றும் சொல்லுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம், அலுவலகத்தில் பார்ப்பார்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று ரஷ்யப் பத்திரிகையாளர் கலீனா டிம்சென்கோவைப் பற்றித்தான் மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

ஆப் விஷயத்தை விடுங்கள். மதுரையில் நான் சொன்ன உளவு மென்பொருள், பெகாசஸ், போனுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் பார்க்கும் திரையை அதுவும் பார்க்கும்போது எந்த ஆப்பில் எழுதினால் என்ன?

மடியில் கனம் என்றீர்களே, அதில்தான் எனக்குக் கோபம் வந்தது. அது வழிப்பறிக்காரனைப் பற்றிய பழமொழி. பணத்தை மடியில் முடிந்துகொண்டு காட்டுவழி போகிறவனுக்குத் திருடன் பயம் இருக்கும் என்கிறது, அவ்வளவுதான். பணம் வைத்திருப்பவன் குற்றவாளி என்று எங்கே சொல்கிறது? நாம்தான் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பறிகொடுத்தவரிடமே கணக்குக் கேட்கிறோம்.

டிம்சென்கோவின் மடியைப் பாருங்கள். 2014-இல் மாஸ்கோவில் லென்டா.ரு என்ற செய்தித் தளத்தின் ஆசிரியர் பதவியிலிருந்து நீக்கப்பட்டு, லாட்வியாவின் ரீகாவுக்குப் போய், அங்கிருந்து மெதுசா என்ற செய்தித் தளத்தைத் தொடங்கியவர். 2023 ஜனவரி 26 அன்று ரஷ்யா அதை 'விரும்பத்தகாத அமைப்பு' என்று அறிவித்தது. அதன்பின் ரஷ்யாவுக்குள்ளிருந்து அதற்குப் பணம் அனுப்பினாலே குற்ற வழக்கு. இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 10 வாக்கில், அவர் பெர்லினில் இருந்தபோது அவருடைய ஐபோனில் பெகாசஸ் ஏறியது. மறுநாள் அங்கே, நாடு கடந்து வாழும் ரஷ்ய ஊடகத்தார் கதவடைத்து ஒரு கூட்டம் நடத்தினார்கள், இனி சட்டத்தின் பிடியில் சிக்காமல் எப்படி வேலை செய்வது என்று பேச. ஜூனில் ஆப்பிள் எச்சரிக்கை அனுப்பி, டிஜிட்டல் உரிமை அமைப்பான அக்சஸ் நவ்வும் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடமான சிட்டிசன் லேபும் சோதித்த பிறகுதான் விஷயமே தெரிந்தது.

ரஷ்யாதானே செய்தது என்று மதுரையில் ஒருவர் எழுந்து சொன்னார். ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்கிறது பெகாசஸைத் தயாரிக்கும் இஸ்ரேலிய நிறுவனமான என்எஸ்ஓ. ஐரோப்பிய அரசுகளும் வாங்கியிருக்கின்றன.

எந்த அரசானால் என்ன, அந்த மடியில் இருந்தது டிம்சென்கோவின் கனம் மட்டுமா? ரஷ்யாவுக்குள் இருந்துகொண்டு மெதுசாவிடம் பேசுகிறவர்கள் நம்பிக் கொடுத்துவைத்தது அது. அவராவது ரீகாவில் இருக்கிறார். அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

போனில் ஒன்றும் இல்லை என்று எழுதிய அதே கடிதத்தில், பெயரைப் போடாதீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். போடவில்லை, போடவும் மாட்டேன். உங்கள் தயக்கம் நியாயமானது. அதே தயக்கம் அவர்களுக்கும் இருக்குமே என்று ஏன் உங்களுக்குத் தோன்றவில்லை?

நான் படித்த ஹாஸ்டலில் வார்டன் எல்லாக் கடிதங்களையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார். மேஜையில் பாதி பிளேடு ஒன்று இருக்கும். நீல இன்லாண்டின் ஓரங்களை அதனால் பிசிறில்லாமல் அறுப்பார். கெட்டவர் இல்லை, எங்களைக் காப்பாற்றுவதாக நம்பினார். என் அறைத்தோழியின் அம்மாவுக்கு எழுதத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி எழுதுவார். ஒருமுறை, அப்பா குடித்துவிட்டு அடிப்பதை எழுதச் சொல்லியிருந்தார். வார்டன் அதைப் படித்துவிட்டு, மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் அவளைக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு வந்த கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். 'இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல். நன்றாகப் படி.' மூன்று வரி, மீதியெல்லாம் வெறும் நீலம். வாரம் தவறாமல் வந்தன. முழுப்பரீட்சை லீவில் வீட்டுக்குப் போனவள், அம்மாவின் இடது முழங்கை மடங்காமல் இருப்பதைப் பார்த்தாள். எலும்பு முறிந்து, கோணலாகக் கூடி, இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ரஷ்யாவின் ஏதோ ஒரு ஊரிலிருந்து டிம்சென்கோவுக்கு எழுதிக்கொண்டிருந்தவர், அவருடைய போன் பிரிக்கப்பட்டது தெரிந்தபின் என்ன எழுதுவார்? 2024 மே மாதம், ரஷ்ய, பெலாரூஸ் விவகாரங்களில் இயங்கும் பத்திரிகையாளர்களும் செயற்பாட்டாளர்களுமாக இன்னும் ஏழு பேர் பெகாசஸால் குறிவைக்கப்பட்டது வெளிவந்தது. அந்த ஏழு பேருக்கும் எழுதிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேரோ. 'அனைவரும் நலம்' என்று அவர்கள் எழுத ஆரம்பித்துவிட்டால், உளவு பார்த்தவருக்கு அதற்குமேல் எதையும் படிக்கத் தேவையே இல்லை.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேர்த்துவிடுங்கள். போன் அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லுங்கள். ஐபோன் என்றால் லாக்டவுன் மோட் என்ற கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது, தேவைப்படும் நாளில் போட்டுக்கொள்ளட்டும். நம்பி வந்து பேசுகிறவரின் பெயரை உங்களிடம்கூட அவள் சொல்லாமல் போகலாம். அப்போது கோபித்துக்கொள்ளாதீர்கள். விடுதியில் இடம் கிடைக்கச் சிரமம் என்றால் எனக்கு எழுதுங்கள், தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன்.