டாட் என்இசட் யார் கையில்? நியூசிலாந்து இணையம் பற்றிக் கேள்வி பதில்

வெலிங்டனில் 12 ஆண்டுகளாக நேம் சர்வர் (இணையப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் கணினி) வேலை பார்க்கிறேன். நியூசிலாந்தின் டொமைன் பெயர்களை, அதாவது டாட் என்இசட் (.nz) என்று முடியும் இணைய முகவரிகளை, நடத்துவது அரசு இல்லை, ஒரு சங்கம், அதுவும் மென்மையான நிர்வாகம் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கோவை, கல்லூரி மாணவி: அக்கா, ஒரு நாட்டின் இணையப் பெயரை அரசு எப்படி ஒரு சங்கத்திடம் விட்டுக்கொடுத்தது?

விட்டுக்கொடுக்கவில்லை. அரசு எட்டிப் பார்ப்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. 1987 ஜனவரியில் டாட் என்இசட் என்ற முகவரி வைகாட்டோ பல்கலைக்கழகத்தின் ஜான் ஹவுல்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1989ல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து ஹவாய்க்கு நாட்டின் முதல் இணைய இணைப்பு போனது. வேகம் விநாடிக்கு 9600 பிட். இன்று போனில் எடுக்கும் 3 எம்பி போட்டோ ஒன்று அந்த வழியாகப் போய்ச்சேர 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்தக் கம்பிக்கான செலவைப் பல்கலைக்கழகங்கள் பங்கு போட்டுக்கொண்டன. யார் எவ்வளவு டேட்டா அனுப்பினார்களோ அந்த அளவுக்குக் கட்டணம். கூடி உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

பயனர்கள் பெருகியதும் 1995ல் ஒரு சங்கம் பதிவு செய்தார்கள். 2001ல் அதன் பெயர் இன்டர்நெட் என்இசட் ஆனது. சிறு சந்தா கட்டினால் யாரும் உறுப்பினர் ஆகலாம், நிர்வாகக் குழுவுக்கு ஓட்டுப் போடலாம். அரசோடு ஓர் ஒப்பந்தம் உண்டு. தினசரி நடத்துவது சங்கம்தான். இன்று 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதன் பொறுப்பில் இருக்கின்றன.

சென்னை: மென்மையான நிர்வாகம் என்றால் கண்டுகொள்ளாமல் விடுவதா?

இல்லை. எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது. முதலில் கேட்டவருக்குப் பெயர். அந்தத் தளத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்று பதிவகம் (பெயர்களின் பட்டியலை வைத்திருக்கும் இந்தச் சங்கம்தான்) பார்க்காது. ஆனால் பதிவு செய்தவர் யார், தொடர்பு விவரம் உண்மையா என்று பார்க்கும்.

சில கிளைகளுக்கு மட்டும் காவல் உண்டு. உதாரணமாக, 'இவி' என்பது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் குலம். டாட் இவி டாட் என்இசட்டில் பெயர் வாங்க அந்தக் குலத்தின் அமைப்பாக இருக்க வேண்டும். மாவோரி மொழியின் நெடில் குறியை, எழுத்தின் மேல் வரும் கோட்டை, 2010 முதல் டொமைன் பெயரிலேயே போடலாம். நம்மைப் போல் குறில் நெடில் வேறுபாட்டோடு வாழ்கிறவர்களுக்கு இதன் அருமை புரியும். கோடு போனால் சொல்லே வேறாகிவிடும்.

ஆக்லாந்து, உணவகம் நடத்துபவர்: எங்கள் கடைப் பெயரில் உள்ள டொமைனை வெப்சைட் செய்து தந்தவர் தன் பெயரில் பதிந்துவிட்டார் தங்கச்சி. இப்போது போனே எடுப்பதில்லை. என்ன செய்வது?

அண்ணா, மாதம் ஒருவராவது என்னிடம் கேட்கும் கேள்வி இது. முதலில் பதிவகத்தின் தேடலில் உங்கள் பெயரைப் போட்டு, உரிமையாளர் இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பணம் கட்டியவர் யார் என்பது வேறு, உரிமையாளர் யார் என்பது வேறு.

அங்கே உங்கள் பெயர் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. டாட் என்இசட் பெயரை இடம் மாற்ற ஒரு ரகசியக் குறியீடு உண்டு. வீட்டுச் சாவி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் கேட்டால், பெயரைப் பதிந்து தந்த பதிவு நிறுவனம் அதைத் தர வேண்டும். அதைக் கொண்டு வேறு நிறுவனத்துக்குப் பெயரை மாற்றிக்கொள்ளலாம்; பழைய ஆள் போனை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

அவர் பெயர் இருந்தால், சங்கத்தின் கீழ் விதிகளைக் கண்காணிக்கும் டொமைன் நேம் கமிஷனின் தகராறுத் தீர்வு சேவைக்குப் போங்கள். 2006 முதல் நடக்கிறது. இரண்டைக் காட்ட வேண்டும்: அந்தப் பெயரில் உங்களுக்கு உரிமை இருக்கிறது, அவர் பதிந்தது நியாயமில்லை. கடை போர்டின் போட்டோ, மெனு அட்டை, பழைய பில், அவரோடு பேசிய வாட்ஸ்அப் எல்லாம் சான்றுதான். அவர் பதில் சொன்னால் முதலில் சமரசப் பேச்சு, அதற்குக் கட்டணம் இல்லை. அதில் முடியாவிட்டால் கட்டணம் கட்டி நிபுணர் ஒருவரிடம் தீர்ப்புக் கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடைக்காரர் சமரசத்திலேயே பெயரை மீட்டார். போனில் பேசித்தான் முடித்தார்கள், வக்கீல் வைக்கவில்லை.

மதுரை: பெரிய அசம்பாவிதம் நடந்தால் இந்தச் சங்கம் என்ன செய்யும்? அரசு உத்தரவு போட வேண்டாமா?

2019 மார்ச் 15. கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். கொலைகாரன் அதை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினான். அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். ஒருவரும் பேசவில்லை, விசைப்பலகைச் சத்தம் மட்டும்தான்.

நாட்டின் பெரிய இணையச் சேவை நிறுவனங்கள், அந்த வீடியோ இருந்த 4சான், 8சான் போன்ற தளங்களை அரசு உத்தரவு இல்லாமல் தாங்களாகவே முடக்கின. பதிவகம் தளத்தின் உள்ளடக்கத்தைத் தொடாது என்றேனே, அந்த விதிக்கும் அப்போது ஒரு விலக்கு வந்தது: மிக அசாதாரண நெருக்கடியில் ஒரு பெயரை நிறுத்தி வைக்கலாம் என்று இடைக்கால விதி எழுதினார்கள்.

அந்த முடக்கம் சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எது திறக்க வேண்டும், எது மூட வேண்டும் என்று சில தனியார் நிறுவனங்கள் முடிவெடுத்ததில் எனக்கு நிம்மதி இல்லை. யாரிடம் முறையிடுவது, எப்போது திறப்பார்கள் என்பதற்கெல்லாம் அப்போது எழுதப்பட்ட பதில் இல்லை. பிறகு அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தில் நாடு முழுவதற்கும் இணைய வடிகட்டி வைக்க ஒரு பகுதி இருந்தது. எதிர்ப்பு எழுந்தது, 2021ல் சட்டம் நிறைவேறியபோது அந்தப் பகுதி இல்லை. அடுத்தவர் பேசுவதைக் கேட்கும் நாடு என்பதற்கு இதைத்தான் நான் உதாரணமாகச் சொல்வேன்.

பெங்களூரு, சிஸ்டம் அட்மின்: 2023ல் டாட் கோ டாட் என்இசட் தளங்கள் பலருக்குத் திறக்கவில்லையே, ஏன்?

டிஎன்எஸ்செக் சாவி மாற்றம். பெயர் விவரம் போலி இல்லை என்று காட்ட ஒரு கையொப்பச் சாவி இருக்கும். அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். மே 2023ல் மாற்றியபோது, பழைய சாவியின் தகவல் உலகெங்கும் உள்ள சர்வர்களின் தற்காலிக நினைவிலிருந்து (கேஷ்) கலைவதற்குள் புதிய சாவிக்குத் தாவிவிட்டார்கள். புதிய கையொப்பத்தைப் பழைய சாவியோடு ஒப்பிட்ட சர்வர்கள் எல்லாம் போலி என்று தள்ளிவிட்டன. எங்கள் வாடிக்கையாளர்களுக்கு நாள் முழுக்க "உங்கள் தளம் நன்றாகத்தான் இருக்கிறது, கேஷைத் துடையுங்கள்" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். என்ன தவறு நடந்தது என்று சங்கமே தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டது. வெளியாளை வைத்தும் ஆராயச் சொன்னது.

திருச்சி: பெயர் பதிந்தால் என் வீட்டு முகவரி ஊருக்கே தெரியுமா?

தனிநபர் என்றால் 2017 முதல் முகவரியையும் போன் எண்ணையும் மறைக்கச் சொல்லலாம். டொமைன்டூல்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் பதிவு விவரங்களை மொத்தமாக அள்ளிச் சேர்த்து வைத்தபோது, கமிஷன் 2018ல் அமெரிக்க நீதிமன்றத்துக்கே போய்த் தடை வாங்கியது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் தடை நின்றது.

சிங்கப்பூர்: சிறு நாடு என்பதால்தானே இதெல்லாம் நடக்கிறது?

சிறியதாக இருந்தால் மட்டும் போதாது. நியூசிலாந்தின் ஆட்சிக்கு உட்பட்ட டோக்கலாவ் தீவுகளைப் பாருங்கள். சுமார் 1500 பேர். அவர்களுடைய டாட் டிகே முகவரியை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இலவசமாக வாரி இறைத்தது. மோசடித் தளங்கள் அதில் வந்து குவிந்தன. மெட்டா வழக்குப் போட்ட பிறகு 2023ல் புதுப் பதிவே நின்றது. அந்தத் தீவு மக்கள் செய்த தவறு எதுவும் இல்லை, ஆனால் பெயர் கெட்டது அவர்களுடையது.

வெலிங்டன்: சந்தா கட்டினால் ஓட்டு என்றால், ஒரு கூட்டம் வந்து சங்கத்தையே கைப்பற்றலாமே?

அந்தப் பயம் நியாயமானது. 2025ல் சங்கத்தின் விதிகளைத் திருத்தும் பேச்சு வந்தது. பிரிட்டிஷ் அரசு 1840ல் மாவோரி மக்களோடு செய்த வைடாங்கி ஒப்பந்தத்துக்கு அதில் என்ன இடம் என்பதும், பேச்சுரிமைக்கு ஆபத்தா என்பதும் பெரிய சர்ச்சையாயின. பேச்சுரிமை அமைப்பு ஒன்று மக்களைச் சேரச் சொல்ல, சில நூறாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறியது. எனக்கு அவர்கள் வாதத்தில் உடன்பாடு இல்லை. ஆனாலும் கதவைச் சாத்தச் சொல்ல மாட்டேன். அத்தனை ஆண்டுகள் சில நூறு பேரே போதும் என்று இருந்துவிட்டதுதான் எங்கள் குறை.

யாழ்ப்பாணம்: இலங்கையில் எப்படி?

தொடக்கம் ஒரே மாதிரிதான். டாட் எல்கே 1990ல் மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிஹான் டயஸிடம் வந்தது. இன்றும் இலாப நோக்கற்ற பதிவகம்தான் நடத்துகிறது. 2010ல் ஒப்புதல் பெற்ற டாட் இலங்கை என்ற தமிழ் முகவரியும் அதே பதிவகத்திடம் இருக்கிறது. உங்கள் ஊர் நூலகத்துக்கோ பள்ளிக்கோ அதில் ஒரு பெயர் வாங்கிப் பாருங்கள்.

ஹாமில்டன், மாணவர்: நான் இங்கே வந்து 8 மாதம்தான் ஆகிறது அக்கா. இதில் எனக்கு என்ன வேலை?

விதி மாற்றம் எது வந்தாலும் முதலில் வரைவைப் போட்டுக் கருத்துக் கேட்பார்கள். குடியுரிமை கேட்க மாட்டார்கள். நான் முதல் முறை அனுப்பியது அரைப் பக்கம். தப்பும் தவறுமான ஆங்கிலம், அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சில வாரம் கழித்து வந்த கருத்துத் தொகுப்பில், பெரிய நிறுவனங்களின் நீண்ட கடிதங்களுக்கு நடுவே அந்த அரைப் பக்கமும் அப்படியே இருந்தது. அடுத்த வரைவு வரும்போது எனக்கு எழுதுங்கள், சேர்ந்து படிக்கலாம்.