இருமல் நின்ற பிறகும் காசநோய் மாத்திரையை ஏன் ஆறு மாதம் சாப்பிட வேண்டும்?

காசநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகும். ஒரு பகுதி உறங்கியே கிடக்கும். பெருகும் கிருமிகள் சீக்கிரம் சாவதால் இருமல் சில வாரங்களில் அடங்கும். ஆனால் கோரையை மேலே அறுத்துவிட்டு கிழங்கை விட்ட கதைதான். உறங்கியவை மறுபடி முளைக்கும், சில சமயம் மருந்துக்கு அடங்காதவையாக.

அதனால்தான் முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் பைராசினமைடு தவிர்த்து மூன்று. ஐசோனியசிட் கிருமியின் மெழுகுச் சுவரைக் கட்டவிடாது. ரிஃபாம்பிசின் புரதம் செய்வதற்கான ஆணையையே எழுதவிடாது. எத்தாம்புட்டால் மற்றவற்றுக்குத் துணை. பைராசினமைடு உறங்கும் கிருமிகளைத் தாக்கும்; யூரிக் அமிலம் ஏறி மூட்டு வலிக்கலாம்.

ஐசோனியசிட்டால் கால் மரத்துப்போகாமலிருக்க வைட்டமின் பி6 மாத்திரை தருவார்கள். எத்தாம்புட்டால் சாப்பிடும்போது சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறியச் சிரமமானால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். வாந்தி, பசியின்மையோடு கண் மஞ்சளித்தால் கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம், காத்திருக்கவே கூடாது. ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும் (பலரும் சொல்ல மறப்பது இது).

சிறுநீர் ஆரஞ்சு நிறமாவதை ரத்தம் என்றோ உடல் சூடு என்றோ நினைத்து மாத்திரையை நிறுத்துகிறார்கள். அது ரிஃபாம்பிசினின் சாயம் மட்டுமே.