ஈன்ற இடத்திலேயே விடுங்கள்: செம்மறி கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என் மேச்சேரி ஆட்டுக்குத் தலை ஈத்து. குட்டியைக் கிட்டே விடாமல் முட்டுகிறது. என்ன செய்ய?

பதில்: தம்பி, குட்டி விழுந்ததும் துணியால் துடைத்துவிட்டீர்களா? பெரும்பாலும் வினை அங்கேதான். பனிக்குட நீரின் வாசம்தான் தாயை நக்க வைக்கிறது. நக்க நக்கத் தன் குட்டியின் வாசம் சில மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். அப்புறம் வேறு குட்டி வந்தால் முட்டித் தள்ளும். மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை மட்டும் வழித்துவிட்டு, குட்டியைத் தாயின் முகத்துக்கு நேரே போட்டு விலகி நில்லுங்கள். தாய் வாயைத் திறக்காமல் அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்று கூப்பிடும். அந்தக் குரல் வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. இப்போதைக்கு இரண்டையும் சின்ன அடைப்பில் விட்டு, தாயைப் பிடித்துக்கொண்டு ஊட்ட விடுங்கள். தலை ஈத்தில் இந்த மிரட்சி சகஜம்.

கேள்வி: என் நாரி சுவர்ணா ஆடு இரட்டை போட்டது. ஒரு குட்டியோடு நடந்துவிட்டது, இன்னொன்று அங்கேயே கிடந்தது.

பதில்: மகாராஷ்டிரத்தின் பல்டனில் உருவான இனம் அது. சுந்தரவனத்து கரோல் ஆட்டிலிருந்து வந்த மரபணுவால்தான் இரட்டை போடுகிறது. நம் மேச்சேரி பெரும்பாலும் ஒற்றைதான், அதனால் நமக்கு இந்தத் தொல்லை பழக்கமில்லை. ஆஸ்திரேலிய மெரினோ ஆட்டிலும் இதே கதை: முதல் குட்டி எழுந்ததும் தாய் கிளம்பிவிடும். ஈன்ற இடத்திலேயே ஆறு மணி நேரமாவது நின்றால் இரண்டும் பிழைக்க வாய்ப்பு அதிகம். எனவே தீவனமும் தண்ணீரும் அங்கேயே கொண்டுபோய் வையுங்கள். தண்ணீருக்காகத்தான் பல ஆடுகள் நகர்கின்றன.

கேள்வி: குட்டி எழாமல் சோம்பிக் கிடந்தால் தாய் மேல்தான் குற்றமா சார்?

பதில்: எப்போதும் இல்லை. ஸ்காட்லாந்தில் சஃபோக், பிளாக்ஃபேஸ் என்ற இரண்டு செம்மறி இனங்களை ஒப்பிட்டார்கள். பிளாக்ஃபேஸ் மலையாடு, அதிகம் நக்கும். குட்டியும் சீக்கிரம் எழும். ஒன்றின் கருவை மற்றதன் வயிற்றில் மாற்றி வைத்துப் பார்த்தபோதும் சஃபோக் குட்டி மெதுவாகத்தான் எழுந்தது! ஆக, சுறுசுறுப்பு குட்டியின் இனத்திலும் இருக்கிறது. பொதுவாகப் பிறந்த அரை மணி நேரத்துக்குள் எழ வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்ட வேண்டும்.

கேள்வி: நஞ்சு (நஞ்சுக்கொடி) விழும்வரை சீம்பால் கொடுக்கக் கூடாது என்கிறார் என் மாமா.

பதில்: இந்த ஒன்றில் மட்டும் மாமா பேச்சைக் கேட்காதீர்கள். தாயின் நோய் எதிர்ப்பு கருவிலிருக்கும் குட்டிக்குப் போவதில்லை, சீம்பாலில்தான் போகிறது. நேரமாக ஆகக் குடல் அதை உறிஞ்சுவது குறையும். ஊட்டத் தெரியாத குட்டிக்குக் கறந்து, குட்டியின் எடையில் கிலோவுக்கு 50 மில்லி வீதம் உடனே கொடுங்கள். நஞ்சு தானாக விழட்டும், பிடித்து இழுக்காதீர்கள். 12 மணி நேரம் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.