சுரங்கத் தளத்தில் பல ஆண்டுகளாகக் குவிந்த அபாயமற்ற கழிவுகளைப் புதைப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

தேய்ந்த டயர், கன்வேயர் பெல்ட், பழைய இரும்பு, குழாய், மரப்பெட்டி என்று ஆண்டுக்கணக்கில் சேர்ந்துவிட்ட கழிவை என்ன செய்வது, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். சுரங்கத் தளங்களில் இத்தகைய குவியல்களைக் கணக்கெடுத்து அகற்றும் பணியில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்கிறேன்: வழி உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றை மறுசுழற்சி செய்யும் தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கிறது. எது எதனுடன் கலந்து கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதே பெரிய தடை.

ஆகவே ஒரு பொருளைக்கூட நகர்த்துவதற்கு முன், குவியலைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கணக்கெடுங்கள். 'அபாயமற்றது' என்று பலகை வைத்த இடத்தில் எண்ணெய் வடிகட்டிகள், பழைய பேட்டரிகள், எண்ணெய் ஊறிய ஹைட்ராலிக் குழாய்கள் ஆகியவற்றை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வெடிமருந்து வந்த பைகளும் பெட்டிகளும் வெறும் பிளாஸ்டிக்காகவும் அட்டையாகவும் தோன்றினாலும், அவற்றில் எச்சம் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால் பொதுக் கழிவோடு சேர்க்கக் கூடாது. யுரேனியம், கடற்கரைக் கனிம மணல் போன்றவற்றைக் கையாண்ட தளமாக இருந்தால், குழாய்களின் உட்புறப் படிவில் இயற்கைக் கதிரியக்கம் சேர்ந்திருக்கிறதா என்று கருவியால் சோதித்த பிறகே அவற்றை வெளியே அனுப்ப வேண்டும். ஒரு பொருள் அபாயமற்றது என்பதைச் சோதனைதான் முடிவு செய்கிறது. அதன் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது.

வருமானம் தரக்கூடியது இரும்புதான் என்பதால் பெரும்பாலோர் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். அது சரியான தொடக்கமும்கூட. ஒரு டன் பழைய எஃகை உருக்கிப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 1.4 டன் இரும்புத் தாதும் 740 கிலோ நிலக்கரியும் மிச்சமாகும் என்று உலக எஃகுச் சங்கம் கணக்கிட்டிருக்கிறது. ஆனால் சுரங்கத்து இரும்பு எல்லாம் ஒரே இரும்பு அல்ல. பாறை நொறுக்கும் கிரஷர்களின் உட்புறத்தைக் காக்கும் தகடுகள், அதாவது லைனர்கள், பெரும்பாலும் 11 முதல் 14 விழுக்காடு வரை மாங்கனீசு கொண்ட எஃகால் வார்க்கப்படுகின்றன. இந்த எஃகில் காந்தம் ஒட்டாது. நான் பணியாற்றிய ஒரு தளத்தில் அதை அறியாமல், ஆண்டுக்கணக்கில் லைனர்களைச் சாதாரணக் கட்டுமான இரும்போடு கலந்து, கலப்பு இரும்பின் விலைக்கே விற்றுக்கொண்டிருந்தார்கள். வார்ப்பாலைக்குத் தனியாக அனுப்பினால் அந்த மாங்கனீசு மீண்டும் லைனராகவே திரும்பி வரும். கலந்து உருக்கினால் அதில் பெரும்பகுதி கசடோடு வீணாகப் போகும். ஒரு காந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு குவியலைச் சுற்றி வந்தாலே பிரிப்பதில் பாதி முடிந்துவிடும். காந்தம் ஒட்டாதவற்றில் துருப்பிடிக்காத எஃகும் இருக்கக்கூடும் என்பதால், மீதியை உலோகப் பகுப்பாய்வுக் கருவி சொல்லும். மாங்கனீசு எஃகை வாயுச் சுடரால் வெட்டும்போது எழும் மாங்கனீசுப் புகை நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் என்பதை வெட்டுபவர்களுக்குச் சொல்லாமல் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள்.

டயர்தான் எல்லாவற்றிலும் கடினம். மிகப் பெரிய டம்பர் லாரி ஒன்றின் டயர் ஏறத்தாழ 4 மீட்டர் உயரமும் 5 டன்னுக்கு மேல் எடையும் கொண்டது. ஒரு லாரிக்கு ஆறு டயர்கள். 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த முறைப்படி, கந்தகம் ரப்பரின் இழைகளைக் குறுக்காகப் பிணைத்துவிடுவதால்தான் டயர் அவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது. அதே பிணைப்பினால்தான் அதைப் பிளாஸ்டிக்கைப் போல மறுபடி உருக்கி வார்க்க முடிவதில்லை. விளிம்பிலுள்ள தடித்த எஃகு வளையத்தை முதலில் அகற்றிவிட்டுத் துண்டாக்கி, பிறகு துகளாக்க வேண்டும். காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெயும் கரியும் பிரிக்கும் முறையும் உண்டு. ஆனால் அந்தக் கரிக்கு வாங்குபவர் உறுதியாகும் முன் அதில் முதலீடு செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. சாலையோர வரப்பு, தடுப்புச் சுவர் என்று முழு டயரையே பயன்படுத்துவதும் நல்லதுதான். எனினும், தேவைக்கு மேல் வரப்பு கட்டுவது டயரைச் சேமித்து வைப்பதற்கு இன்னொரு பெயர் ஆகிவிடும். கனடாவின் ஹேகர்ஸ்வில்லில் 1990இல் ஒரு டயர்க் குவியல் 17 நாள்கள் எரிந்தது. எனவே அகற்றும் நாள் வரும்வரை டயர்களைச் சிறு குவியல்களாகப் பிரித்து, இடையே தீத்தடுப்பு இடைவெளி விட்டு வையுங்கள். சிலி நாடு 2016இல் இயற்றிய சட்டம் டயர் உற்பத்தியாளர்களையும் இறக்குமதியாளர்களையும் மீட்புக்குப் பொறுப்பாக்கியது. சுரங்க டயர்களுக்கென்று தனி இலக்குகளும் பின்னர் வகுக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் முன்னால், லாரிப் பாதையில் சிதறும் கற்களை உடனுக்குடன் அகற்றி, காற்றழுத்தத்தைச் சரியாக வைத்திருந்தால் கழிவாகும் டயர்களின் எண்ணிக்கையே குறையும்.

கன்வேயர் பெல்ட்டின் நல்ல பகுதிகளைத் தேய்மானத் தடுப்பு விரிப்பாகவும் தூசித் தடுப்புத் திரையாகவும் தளத்திலேயே பயன்படுத்தலாம். பாலிஎதிலீன் குழாய்களைப் பற்றவைத்து மறுபடி பயன்படுத்தலாம், அல்லது கழுவித் துகளாக்கி உருக்கலாம். உள்ளே காய்ந்த சேற்றோடு அனுப்பினால் எந்த ஆலையும் ஏற்காது. சரக்கை அடுக்கி வைக்கும் மரப் பலகைத் தட்டுகளில் உள்ள முத்திரையைப் பாருங்கள்: 'எச்.டி.' (HT) என்றால் வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டது, 'எம்.பி.' (MB) என்றால் பூச்சிகளைக் கொல்லும் நச்சு வாயுவான மெத்தில் புரோமைடு பாய்ச்சப்பட்டது. இரண்டாவது வகையை எரிப்பதோ நிலப்போர்வையாக அரைத்துப் போடுவதோ கூடாது.

நீங்கள் கேட்காவிட்டாலும், எடையில் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சுவது கழிவுப் பாறையும் தாது பிரித்த பின் எஞ்சும் நுண்மணலும் என்பதால் அதையும் சொல்லியாக வேண்டும். பாறையைச் சாலைக்கும் நிரப்பலுக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அதில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம் இருந்தால் காற்றும் நீரும் பட்டு அமிலம் கசியும் என்பதால், அமிலம் உருவாக்கும் தன்மையைச் சோதிக்காமல் ஒரு வண்டிகூட வெளியே போகக் கூடாது. பிரேசிலில் இரும்புத் தாதின் எச்சத்திலிருந்து கட்டுமான மணல் தயாரித்து விற்கிறார்கள். உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 கோடி டன் மணலையும் சரளையையும் பயன்படுத்தும் நிலையில், இதை நான் மிகுந்த நம்பிக்கையோடு பார்க்கிறேன்.

இனிப் போக்குவரத்து. சுரங்கங்கள் பெரும்பாலும் தொலைவில் இருப்பதால், பொருளின் விலையைப் பயணச் செலவே விழுங்கிவிடும். உதிரிபாகம் கொண்டுவரும் லாரிகள் வெறுமையாகத் திரும்புகின்றன. அந்தத் திரும்பும் பயணத்தில் கழிவை ஏற்ற ஒப்பந்தத்திலேயே வழி செய்யுங்கள். பெல்ட்டைச் சுருட்டி, குழாயைத் துண்டாக்கி, அட்டையை அழுத்திக் கட்டினால் அதே லாரியில் பல மடங்கு ஏறும். லைனரும் டயரும் வாங்கும்போதே, தேய்ந்ததைத் திரும்பப் பெறும் பொறுப்பை விற்பவரிடம் எழுதி வாங்குவது இன்னும் நல்லது.

பழைய குவியலுக்கு வேலி போட்டு, நாளை முதல் வரும் கழிவை அதில் சேர்ப்பதை நிறுத்துங்கள். புதியதை வகைவாரியாகத் தனித்தனி இடத்தில் எடை போட்டு இறக்குங்கள். மூன்று மாத எடைக் கணக்கு கையில் இருந்தால்தான் எந்தப் பொருளுக்கு எந்த ஆலையுடன் பேசுவது, எவ்வளவு தருவதாக வாக்களிப்பது என்பது தெரியும். பழைய குவியலை அந்த ஒப்பந்தங்களின் வழியாகவே சிறிது சிறிதாகக் கரைத்துவிடலாம்.