வண்டு விழுந்த மாவு: சலித்தால் போதுமா?

பொங்கல் சமயத்தில் மில்லில் ஐந்து கிலோ கோதுமையும் ஒரு கிலோ கம்பும் அரைத்து வைத்தாராம் மதுரை வாசகி ஒருவர். ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. கோதுமை மாவில் சிவப்பாகச் சின்னச் சின்ன வண்டுகள். கம்பு மாவில் பூச்சி எதுவும் இல்லை, ஆனால் கூழ் காய்ச்சினால் கசக்கிறது. “கோதுமை மாவைக் கொட்டிவிடவா? கம்பு மாவை வறுத்தால் சரியாகிவிடுமா?” என்று கேட்டிருக்கிறார்.

கேள்வியைத் திருப்பிப் போடச் சொல்வேன். கண்டிப்பாகக் கொட்ட வேண்டியது கம்பு மாவைத்தான். கோதுமை மாவை முதலில் சோதித்துப் பார்க்கலாம்.

கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம், நூறு கிராமுக்கு ஐந்து கிராம் வரை இருக்கும். கேழ்வரகில் இரண்டு கிராம்கூட வராது. தானியம் முழுசாக இருக்கும்வரை அந்த எண்ணெய் முளைப்பகுதிக்குள் பத்திரமாக இருக்கிறது. அரைத்ததும் தானியத்திலேயே உள்ள லைப்பேஸ் என்ற நொதி அதன்மேல் வேலையைத் தொடங்கிவிடும். வெளியில் வைத்த கம்பு மாவு ஒரு வாரம், பத்து நாளில் கசக்க ஆரம்பிப்பது அதனால்தான். கசப்பு வந்தபிறகு வறுப்பதில் பயனில்லை. வறுப்பதாக இருந்தால் அரைக்கும் முன்பு தானியத்தை வறுக்க வேண்டும், அப்போது நொதி அடங்கிவிடும். ஒரு நாள் அந்தக் கூழைக் குடித்துவிட்டீர்கள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

கோதுமை மாவுக்கும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும். தவிடும் முளையும் சேர்ந்தே அரைபடுவதால் நாளாக ஆகப் பழைய எண்ணெயின் சிக்கு வாடை வரும். மைதா நீண்ட நாள் கெடாததற்கு ரசாயனம்தான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். முளையை நீக்கிவிடுவதால் சிக்குப் பிடிக்க அதில் எண்ணெய் அதிகம் இல்லை, முக்கியக் காரணம் அதுதான். மைதாவிலும் வண்டு வரத்தான் செய்யும்.

இப்போது உங்கள் வண்டு. மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் செம்பழுப்பாக இருந்தால் அது மாவு வண்டு. கடிக்காது, நோயும் பரப்பாது. ஆனால் பெருகிவிட்டால் அது கக்கும் குயினோன் என்ற பொருளால் மாவு லேசாக இளஞ்சிவப்பாக மாறும், மூக்கில் ஏறும் ஒரு காட்டமான நெடியும் வரும். அந்த மாவு வேண்டாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கை மாவைத் தட்டில் கொட்டி, கரண்டியின் பின்பக்கத்தால் மழமழவென்று தேய்த்துவிட்டு, கால் மணி நேரம் தொடாமல் வையுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது இரண்டொரு தடம் மட்டும் ஓடியிருந்து, வாசனையும் நன்றாக இருந்தால், இரண்டு முறை சலித்து நான்கைந்து நாளில் சப்பாத்தியாகத் தீர்த்துவிடலாம். தட்டு முழுக்கக் கோடு, சல்லடையில் மெல்லிய மஞ்சள் புழுக்கள், மாவு நூல் கோத்துக் கட்டியாக இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். தடம் எதுவும் இல்லாமல் மேற்பரப்பு மட்டும் சொரசொரத்துக் கலைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் இருக்கலாம். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ள சிலருக்கு இந்த மாவில் செய்த பண்டம் கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பும், வேகவைத்தாலும் அந்தத் தன்மை போகாது.

சலித்த மாவைத் திரும்ப டப்பாவில் போட்டு வைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வண்டின் முட்டை சல்லடைக் கண்ணில் தாராளமாக இறங்கிவிடும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார்.

இதையெல்லாம்விட நான் பயப்படுவது பூசணத்துக்கு. விரலால் தொட்டதும் உதிரும் கட்டி, மாவு அழுந்தியதால் வந்தது, பரவாயில்லை. உதிராத கட்டி, ஈரத்துணி மூலையில் கிடந்ததுபோல ஒரு வாடை, பச்சையாகவோ கறுப்பாகவோ புள்ளி என்றால் டப்பா மொத்தமும் குப்பைக்கு. அந்தப் பகுதியை மட்டும் அள்ளிப்போட்டு மீதியை வறுத்துக்கொள்கிறேன் என்பார்கள். சில பூசணங்கள் விடும் அஃபிளாடாக்சின் போன்ற நஞ்சு அடுப்புச் சூட்டில் முழுதாக அழியாது. சலித்தும் எடுக்க முடியாது.

கெட்டதா என்று பார்க்கப் பச்சை மாவை நாக்கில் வைக்காதீர்கள். முகர்ந்து பாருங்கள், அப்புறமும் சந்தேகமென்றால் ஒரு சின்ன ரொட்டி சுட்டுப் பாருங்கள். 2016-ல் அமெரிக்காவில் ஈ.கோலை கிருமி கலந்த கோதுமை மாவால் 63 பேர் நோயுற்றார்கள். அவர்களில் பலர் வேகாத பிசைந்த மாவைத் தின்றவர்கள், தொட்டவர்கள்.

சேமிப்பில் பாதித் தவறு மில்லிலிருந்து வந்த அரைமணி நேரத்தில் நடக்கிறது. கை சுடும் மாவை அப்படியே டப்பாவில் கொட்டி மூடினால் மூடியின் உட்பக்கம் வேர்க்கும், அந்தத் துளிகள் மாவில்தான் விழும். வேட்டியிலோ தாம்பாளத்திலோ பரப்பி, நன்றாக ஆறியபிறகு அள்ளுங்கள். இடமிருந்தால் பையில் கட்டி நான்கு நாள் ஃப்ரீசரில் வையுங்கள், முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்காதீர்கள், குளிர் விட்டபிறகு திறங்கள், இல்லையென்றால் மாவில் ஈரம் பிடிக்கும். வசம்பு, வேப்பிலை, காய்ந்த மிளகாய் எல்லாம் முழுத் தானியத்துக்கு ஓரளவு உதவலாம். ஏற்கெனவே முட்டை விழுந்த மாவில் அவற்றை நம்ப வேண்டாம்.

அதிரசத்துக்கு இடிக்கும் ஈர மாவு தனி ரகம், அன்றைக்கே பாகில் சேர்த்துவிட வேண்டும். இடியாப்பத்துக்கு ஈர அரிசி அரைத்து வைப்பதாக இருந்தால், கோலம் இழுக்க வரும் பதத்துக்கு வறுத்து ஆறவிட்டு எடுத்து வையுங்கள். கோடு விட்டுவிட்டு விழுந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. குழந்தைக்குக் கொடுக்கும் சத்துமாவில் முந்திரி, நிலக்கடலை சேர்வதால் சீக்கிரம் சிக்கு ஏறும். இரண்டு வாரத்துக்கு மேல் தேவைப்படாத அளவில் அரைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

புது மாவைப் பழையதன்மேல் கொட்டாதீர்கள். உங்கள் டப்பாவைச் சோப்பு போட்டுத் தேய்த்து ஒரு நாள் முழுக்க வெயிலில் கவிழ்த்துக் காயவையுங்கள். அதற்கு முன் மூடியின் உள்விளிம்பை ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டிப் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் மாவுப் படிவில்தான் வண்டு ஒளிந்திருக்கும்.