வாய்க்காலில் செடி மண்டினால் தண்ணீர் ஏன் தேங்குகிறது?

வாய்க்கால் தண்ணீரை எவ்வளவு உரசி மறிக்கிறது என்பதைச் சொல்வது மேனிங் எண். சுத்தமான மண் வாய்க்காலில் சுமார் 0.022. சம்பும் கோரையும் அடைத்தால் 0.08 கூட ஆகும். அதே ஆழம், அதே சரிவில் வேகம் ஏறக்குறைய கால்பங்காகிவிடும். மதகில் விடும் நீரைக் குறைக்காவிட்டால் மட்டம் ஏறிக் கரை வழியும்.

ஒவ்வொரு தண்டுக்குப் பின்னாலும் சிறு சுழல் உருவாகி நீரின் ஆற்றலைத் தின்கிறது. மூழ்கிய செடிக்கூட்டத்துக்குள் நீர் ஊர்கிறது, மேலே விரைகிறது. தேர்க்கூட்டத்தில் நெரிசலும் திறந்த வழியும் சந்திக்கும் ஓரத்தில்தான் இடிபாடு அதிகம். இங்கும் இலைநுனி மட்டத்தில்தான் கொந்தளிப்பு உச்சம். அடர்ந்த உட்பகுதியில் வண்டல் படியும். (ஆகாயத்தாமரை மிதக்கத்தானே செய்கிறது என்று விட்டுவிடாதீர்கள், அதன் வேர்கள் மேலிருந்து உரசும்.)

செடி இருந்தால் நீர் அமைதியாகிவிடும் என்பது தவறு: வேகம்தான் குறைகிறது, செடி அடர்த்தியில்லாத இடத்தில் சுழல் கூடவும் செய்யும்.